களர் நிலத்தின் நாடி பிடித்த மேதை ஹில்கார்ட்



பரிசளிப்பு விழா மலர் என்றாலே மன்னர்கள், புலவர்கள், விடுதலை வீரர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளைத்தான் நீங்கள் அதிகம் படித்திருப்பீர்கள். இந்த ஆண்டு கொஞ்சம் மாறுதலாக, வாழ்நாள் முழுதும் மண்ணைத் தோண்டி, கரைத்து, வடிகட்டி, எடை போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு மனிதரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். மண்ணில் என்ன இருக்கிறது படிக்க என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். நாம் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறது? நம் பாட்டன், பூட்டன் கடல் கடந்து வந்து எதை நம்பிப் பிழைத்தார்கள்? எல்லாம் மண்தானே!

அந்த மேதையின் பெயர் யூஜீன் ஹில்கார்ட். உப்புப் பூத்த நிலங்களைப் பற்றி உலகத்தில் யார் பாடம் நடத்தினாலும், அவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

உப்பு செய்யும் கூத்து

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். குழம்பில் உப்பு இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாது. ஆனால் அதே உப்பு கொஞ்சம் கூடிப்போனால்? அம்மா வைத்த குழம்பை அப்பா தள்ளி வைத்துவிடுவார். பயிரும் அப்படித்தான். மண்ணில் உப்புக் கூடிப்போனால், வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றாலும் பயிரால் அதைக் குடிக்க முடியாது. கடல் நடுவில் தாகத்தால் தவிக்கும் படகோட்டியின் கதைதான்.

நம் செமிலிங்கிலிருந்து மெர்போக் ஆற்றோரமாக முகத்துவாரத்தை நோக்கிப் போய்ப் பாருங்கள். பாக்காவ் மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும். உவர்நீரைத் தாங்க அவை பிறவியிலேயே பழகியவை. அங்கே கொண்டுபோய் ஒரு கட்டு நெல் நாற்றை நட்டால் என்ன ஆகும்? சில நாட்களில் நுனி கருகி, துவண்டு போகும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அதே நாளில் தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தில் அலை ஊருக்குள் புகுந்து, உயிர்களைக் கொண்டுபோனதோடு, வயல்களிலும் உப்பைக் கொட்டிவிட்டுப் போனது. அழுது முடித்த உழவர்கள் அடுத்துக் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? இந்த நிலத்தில் இனி நெல் விளையுமா, விளையாதா என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிடிவாதமாகச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றவர்தான் நம் ஹில்கார்ட்.

குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை

1833-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், ஜெர்மனி நாட்டின் ஸ்வைபுரூக்கன் என்னும் ஊரில் பிறந்தார் ஹில்கார்ட். தந்தையார் நீதிபதி. ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. நாட்டு ஆட்சியின் போக்குப் பிடிக்காத தந்தை, நல்ல பதவியையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இல்லினாய் மாநிலத்தில் பெல்வில் என்ற ஊரருகே நிலம் வாங்கிக் குடியமர்ந்தார். நீதிமன்றத்தில் பேனா பிடித்த கை, அங்கே ஏர் பிடித்தது!

புலம் பெயர்ந்த வாழ்க்கை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் முன்னோர் தோட்டங்களில் பட்ட மலேரியாக் காய்ச்சலை அந்தப் பிள்ளையும் பட்டார். உடம்பு நோஞ்சான், கண் பார்வையும் சரியில்லை. தந்தையே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். காட்டில் செடிகொடிகளைத் தேடித் திரிவதும், வீட்டிலேயே சின்னச் சின்ன இரசாயனச் சோதனைகள் செய்து பார்ப்பதும் சிறுவனுக்குப் பொழுதுபோக்கு.

பதினாறு வயதில் மேற்படிப்புக்காக மறுபடியும் ஜெர்மனி சென்றார். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் பன்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். உங்கள் அண்ணன், அக்காமார் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் பற்றவைக்கிறார்களே பன்சன் அடுப்பு, அந்தப் பன்சனேதான்! விளக்குச் சுடரைப் பற்றி ஆராய்ந்து, 1853-இல், இருபதே வயதில் டாக்டர் பட்டம் பெற்றார் ஹில்கார்ட். சுடரைப் படித்தவர் மண்ணுக்கு வந்தது எப்படி என்றுதானே யோசிக்கிறீர்கள்? அந்தச் சுடர் கதையின் கடைசியில் திரும்ப வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போருக்கு நடுவே ஓர் ஆய்வாளர்

அமெரிக்கா திரும்பிய ஹில்கார்ட், மிசிசிப்பி மாநிலத்தின் நிலவியல் ஆய்வுக்கு 1855-இல் நியமிக்கப்பட்டார். பாறையை ஆராய அனுப்பினால், அவர் பாறைக்கு மேலே இருந்த மண்ணையும் சேர்த்து ஆராய்ந்தார். ஊர் ஊராகச் சுற்றினார். இங்கே தானாக வளரும் மரம் எது, அந்த மரம் நின்ற இடத்தில் பருத்தி எப்படி விளைகிறது என்று உழவர்களையே கேட்டார். காட்டு மரத்தைப் பார்த்தே மண்ணின் குணத்தைச் சொல்லலாம் என்று கண்டுகொண்டார். லாலான் புல் மண்டிய இடத்தைப் பார்த்ததுமே இந்த மண் களைத்துப்போன மண் என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லவில்லையா? அந்த அனுபவ அறிவை ஹில்கார்ட் மதித்தார். ஆனால் அதோடு நின்றுவிடாமல், ஆய்வுக்கூடத்தில் அளந்தும் பார்த்தார். அதுதான் அவருடைய தனிச்சிறப்பு.

1860-இல் அவருடைய பெரிய அறிக்கை அச்சேறியது. உடனே என்ன வந்தது? உள்நாட்டுப் போர்! அறிக்கை முடங்கிக் கிடந்து, 1866-இல்தான் மக்கள் கைக்கு வந்து சேர்ந்தது. உழைத்த உழைப்புக்கு ஆறாண்டுக் காலம் ஒரு பாராட்டும் இல்லை. வேறொருவராக இருந்தால் சலித்துப்போய் வேறு பிழைப்புத் தேடியிருப்பார். ஹில்கார்ட் அசையவில்லை. போர் முடிந்ததும் மீண்டும் மண்ணுக்கே வந்தார்.

நம்பாத உழவர்கள்

1875-இல் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு விவசாயப் பேராசிரியராக வந்தார். அப்போது அங்கே நிலைமை சரியில்லை. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் முந்தைய ஆண்டுதான் நீக்கப்பட்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஏட்டுச் சுரைக்காய். அவர்களுக்கு ஏர் பிடிக்கத் தெரியுமா என்று உழவர் சங்கத்தினர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சூட்டில்தான் கண்ணாடி போட்ட, ஒல்லியான பேராசிரியர் ஒருவர் வந்து இறங்குகிறார்!

அவர் சண்டைக்கும் போகவில்லை. பயந்து ஒதுங்கவும் இல்லை. வந்த உடனேயே பல்கலைக்கழக நிலத்தில் சோதனைப் பயிர் போட்டார். உழவர் கூட்டங்களுக்கு நேரில் போய்ப் பேசினார். உங்கள் நிலத்து மண்ணை எடுத்து அனுப்புங்கள் என்றார். எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கும் முறை வகுத்துத் தந்தார். கண்ட இடத்தில் ஒரு பிடி அள்ளினால் போதாது. மேல்மண் தனி, அடிமண் தனி. எந்த ஆழத்தில் எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? உப்பு ஓரிடத்தில் நிலையாக நிற்காது. தண்ணீரோடு இறங்கும்; வெயிலில் மேலே ஏறும். நோயாளியின் கையைப் பிடிக்காமல் நாடி பார்க்க முடியுமா?

கறுப்புக் களரும் வெள்ளை உவரும்

கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு மழை குறைந்த பூமி. ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிப் புதுப்புது நிலங்களைத் திருத்தினார்கள். முதலில் அமோக விளைச்சல். பிறகு மெல்ல மெல்ல நிலத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்தது. சில இடங்களில் கறுப்புக் கறை படர்ந்தது. பழமரங்கள் பட்டுப்போயின. கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

ஹில்கார்ட் அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, வடிநீரைக் காய்ச்சி, மிஞ்சிய உப்பை எடை போட்டார். அது என்ன உப்பு என்றும் பிரித்துப் பார்த்தார். அப்போதுதான் நிலத்துக்கு வந்திருப்பது ஒரு நோயல்ல, இரண்டு நோய் என்பது தெளிவாயிற்று.

வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும். கறுப்பாகப் படிவது சோடியம் கார்பனேட். அதாவது துணி வெளுக்கும் சலவைச் சோடா! நம் ஊர்களில் அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர் மண்ணை அள்ளி வந்து துணி வெளுத்தார்களே, அதில் இருந்த சரக்கும் இதுதான். அது மண்ணில் உள்ள மக்கிய சத்தைக் கரைத்துவிடுவதால்தான் கறுப்புக் கறை. மரத்தின் அடிப்பட்டையையே அது அரித்துவிடும்.

இரண்டில் கொடியது கறுப்புக் களர்தான். ஏன் தெரியுமா? களிமண் துகள்களில் சோடியம் அளவுக்கு மேல் ஒட்டிக்கொண்டால், துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக் குழம்பிப் போகும். மண்ணின் சிறு துளைகள் அடைபடும். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் சிமெண்டு! தண்ணீரும் காற்றும் உள்ளே இறங்க வழியே இல்லை.

மருந்து என்ன? ஜிப்சம் என்றார் ஹில்கார்ட். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். சலவைச் சோடா, தீமை குறைந்த சோடியம் சல்பேட்டாக மாறும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசி, அடியில் வடிகால் வெட்டி அதை வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் பாய்ச்சினால், நிலத்தடி நீர் மேலே ஏறி உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். இதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வாய்க்கால் வெட்டி நிலம் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பேச்சு எத்தனை பேருக்கு இனித்திருக்கும்? ஆனாலும் அவர் சொல்லாமல் விடவில்லை.

இதற்கு அவர் எடுத்துக்காட்டாகப் பார்த்த நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான்! யமுனைக் கால்வாயும் கங்கைக் கால்வாயும் பாய்ந்த வட இந்தியச் சமவெளியில், ரே என்று மக்கள் அழைத்த உப்புப் படிவம் வயல்களை விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் செய்திகளையெல்லாம் கடலுக்கு அப்பாலிருந்து கூர்ந்து படித்து, கலிபோர்னியாவுக்கு நாளை வரப்போவது இதுதான் என்று எச்சரித்தார்.

மழை நாடும் வறள் நாடும்

மிசிசிப்பி மழை மிகுந்த பூமி. கலிபோர்னியா வறள் பூமி. இரண்டிலும் வேலை செய்ததால் ஒரு பெரிய உண்மை அவருக்குப் புலப்பட்டது. மழை மிகுந்த இடத்தில் உப்போடு சத்தும் கழுவிக்கொண்டு போய்விடும்; மண் புளிப்பேறும். வறண்ட இடத்தில் உப்பும் தங்கும், சத்தும் தங்கும். ஆகவே களர் நிலம் செத்த நிலமல்ல. உப்பை மட்டும் நீக்கிவிட்டால் அது சத்து நிறைந்த நிலம்! 1906-இல் அவர் எழுதிய 'மண்கள்' என்ற பெருநூல் இதை விரிவாகச் சொல்கிறது.

இதை நம் கெடாவுக்குப் பொருத்திப் பாருங்கள். குனோங் ஜெராய் அடிவாரத்துக் கித்தாத் தோட்டங்களில் மழைக்குப் பஞ்சமில்லை. அங்கே மண் புளிப்பு மண். உப்புத் தொல்லை இல்லை. கடலோர வயல்களிலோ கதை வேறு. அங்கே கடல்நீர் உள்ளே வராமல் கரை கட்டித் தடுக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வகை மண், இரண்டு வகை வைத்தியம். அடுத்த வீட்டுக்காரர் போட்ட உரத்தையே நாமும் போட்டால் போதும் என்று நினைப்பது எவ்வளவு தவறு!

சுடர் திரும்பி வந்தது

ஹில்கார்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் மண் துறைத் தலைவர் மில்டன் விட்னி, மண்ணின் இரசாயனச் சத்து அவ்வளவு முக்கியமல்ல என்று வாதிட்டார். கிழவராகிவிட்ட ஹில்கார்ட் விடாமல் மறுத்து எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்த விட்னியின் துறையிலிருந்துதான் 1890-களில் ஓர் அருமையான கருவி வந்தது. ஈர மண்ணில் மின்சாரத்தைச் செலுத்தி உப்பை அளப்பது! உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். காய்ச்சி எடை போடும் வேலை சில நிமிட வேலையாகிவிட்டது. பார்த்தீர்களா? கருத்தில் மோதியவர்கள் இருவருமே கடைசியில் உழவனுக்குத்தான் உதவினார்கள்.

1916-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், எண்பத்து மூன்று வயது நிரம்பிய மூன்றாம் நாள், பெர்க்லியில் ஹில்கார்ட் கண்மூடினார். அங்கே அவர் பெயரில் ஒரு மண்டபம் இன்றும் நிற்கிறது.

அவருக்குப் பின் ரஷ்ய அறிஞர் கெட்ரோய்ட்ஸ், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கை இன்னும் தெளிவாக்கினார். 1954-இல் அமெரிக்காவின் ரிவர்சைடு உவர் ஆய்வுக்கூடம் வெளியிட்ட கையேடு அளவுகளை வகுத்துத் தந்தது. மண் வடிநீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேலே போனால் அது உவர் நிலம். களிமண் பிடித்து வைத்திருக்கும் சத்துகளில் சோடியத்தின் பங்கு நூற்றுக்கு 15-க்கு மேலே போனால் அது களர் நிலம். இரண்டும் கூடினால் இரட்டை நோய்.

சோடியத்தை எப்படி அளப்பது? மண்ணிலிருந்து பிரித்த நீரைச் சுடரில் தெளிக்கிறார்கள். சோடியம் பளிச்சென்று மஞ்சளாக எரியும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு சோடியம்! அடுப்பில் உப்புத் தண்ணீர் சிந்தினால் மஞ்சளாக எரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுடரின் நிறத்தைக் கொண்டு பொருளை அறியும் கலையை 1860-ஆம் ஆண்டையொட்டி உலகுக்குத் தந்தவர்கள் கிர்ச்சாஃபும், ஹில்கார்டின் ஆசான் பன்சனும்தான். ஆசான் ஏற்றிய விளக்கு, மாணவன் கண்ட நோய்க்கு வெளிச்சம் காட்டியது!

இந்தியாவில் இதற்கென்றே 1969-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, அரியானாவின் கர்னாலில் இன்று இயங்குகிறது. தமிழ்நாட்டில் திருச்சியில் களர் நிலத்திலேயே வேளாண்மைக் கல்லூரி நடத்தி, களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். 1 போன்ற நெல் இரகங்களைத் தந்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்து வயல்களும் அப்படியே விடப்படவில்லை. மண்ணை அளந்தார்கள், வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி உப்பை அலசி வடித்தார்கள். பல வயல்களில் மறுபடியும் நெல் தலை சாய்த்தது.

நீங்களும் செய்து பாருங்கள்

பெரிய கருவி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீர் எடுங்கள். அதில் காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாகப் போடுங்கள். ஆட்டவோ கலக்கவோ கூடாது. சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால், அந்த மண்ணில் சோடியம் மிகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இது முடிவல்ல, அறிகுறிதான். முடிவை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். இன்னொன்றையும் மறவாதீர்கள். வெறும் உவர் நிலத்தை அலசினால் போதும். களர் நிலத்தை ஜிப்சம் போடாமல் அலசினால் இன்னும் கெட்டுவிடும். அளக்காமல் வைத்தியம் செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

களரும் விளையும்

நிறைவாக ஒன்று. திருவள்ளுவர் கல்லாதவரைக் களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். பயன் தராத நிலம் என்பது அவர் கருத்து. வள்ளுவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் களர் என்றென்றும் களராகவே கிடக்க வேண்டியதில்லை என்று காட்டியவர் ஹில்கார்ட்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை வாழ்த்துகிறேன். ஆனால் என் கண் கூட்டத்தின் கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தேடுகிறது. இவனுக்குப் படிப்பு ஏறாது என்று வீட்டிலும் வெளியிலும் அவன் காதில் விழுந்திருக்கும். பெற்றோர்களே, அப்படிச் சொல்லுமுன் ஒருமுறை அளந்து பார்த்தோமா? அவனுக்குக் கண் பார்வை குறையா, காலையில் பசியா, கணக்கில் எந்த இடத்தில் வழுக்கினான் என்று அடிமண் வரை தோண்டிப் பார்த்தோமா? காய்ச்சலில் கிடந்த, கண் தெரியாத ஒரு நோஞ்சான் பிள்ளையைத் தந்தை பொறுமையாகப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான் உலகத்துக்கு ஒரு ஹில்கார்ட் கிடைத்தார்.

தம்பி, தங்கையே! எந்த நிலமும் வீண் நிலமல்ல. குறையைக் கண்டு, அளந்து, அதற்கேற்ற மருந்தைப் போட்டு, கெட்டதை வடித்துவிட்டால், களரிலும் கதிர் முற்றும். அடுத்த ஆண்டு இதே மேடையில் உன்னையும் காண ஆவலாய்க் காத்திருக்கிறோம்.

வாழ்க! வளர்க!